எட்டுக்கும் ஏழுக்கும்: குடுமியான்மலையிலிருந்து ஹெட்போன் கடை வரைக்கும்

ஹெட்போன் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை குடுமியான்மலைக்குப் போயிட்டு வாங்க.

விளையாட்டா சொல்லல. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். சிகாநாதசாமி கோயிலுக்குப் பின்னால, மேலைக்கோயில்னு சொல்ற குடவரைக்குப் பக்கத்துல ஒரு பெரிய பாறைச் சரிவு இருக்கு. அதுல சுமார் 13க்கு 14 அடி பரப்புக்கு வரிவரியா எழுத்து வெட்டியிருக்கு. தூரத்துலேர்ந்து பார்த்தா வழக்கமான கோயில் கல்வெட்டு மாதிரிதான் தெரியும். யாரோ நிலம் கொடுத்தார், யாரோ விளக்கெரிக்க ஆடு கொடுத்தார்னு இருக்கும்னு நினைச்சுட்டு நகர்ந்துடுவோம்.

அது நிலம் பத்தின சாசனமே இல்ல. அது இசை. ச ரி க ம ப த நி.

இந்த இழை கொஞ்சம் நீளம். ஒரு டீயைக் கையில எடுத்துட்டு உட்காருங்க. கடைசியில "எந்த ஹெட்போன் டாக்டர் வாங்கலாம்?"ங்கிற கேள்விக்கும் வர்றேன். கிளினிக்குல காய்ச்சலுக்கு வர்ற காலேஜ் பசங்க அதிகமா கேக்கற கேள்வி அதுதான். ஆனா அதுக்கு ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டுப் போறதுல எனக்கு இஷ்டமில்ல. ஏன்னு போகப்போகப் புரியும்.

அந்தப் பாறை 1904இல் கல்வெட்டுத் துறையினரின் கண்ணில் பட்டது. பி. ஆர். பண்டார்கர் அதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார். எழுத்து பல்லவ கிரந்தம். எழுத்தின் அமைப்பை வைத்து 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். உள்ளே ஏழு பகுதிகள்: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். ஒவ்வொன்றிலும் நாலு நாலு சுரமாகக் கோத்த கொத்துகள், வரிசைக்குப் பதினாறு. சுரங்களும் வெறும் ச, ரி, க இல்லை. ர, ரி, ரு, ரே என்று உயிர் மாறி மாறி வருகின்றன. சில எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிக்கும் உயிர்மாற்றத்துக்கும் என்ன அர்த்தம் என்று அறிஞர்கள் இன்றைக்கும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் செய்வித்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. ருத்ராச்சாரியார் என்பவரின் மாணவரான, சிவபக்தரான ஒரு அரசர் என்று மட்டும் கல்வெட்டு சொல்கிறது. முதலாம் மகேந்திரவர்மன்தான் அவர் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதற்குக் கல்வெட்டிலேயே நேரடிச் சான்று கிடையாது. பல ஆய்வாளர்கள் ஏற்கவும் இல்லை. பெரிய பேருள்ள அரசன் யாராவது கிடைத்தால் எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிடுவது நம்ம பழக்கம். அதை விடுங்க.

எனக்குப் பிடித்த விஷயம் அடியில் இருக்கிறது. கல்வெட்டு முழுக்க சமஸ்கிருதம். முடிவில் மட்டும் தமிழில் ஒரு சின்ன வரி. இவையெல்லாம் எட்டுக்கும் உரியவை, ஏழுக்கும் உரியவை என்பது அதன் சாரம்.

எட்டு என்ன? ஏழு என்ன?

எட்டு நரம்புள்ள வீணை, ஏழு நரம்புள்ள வீணை என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஏழு நரம்பு வீணைக்குப் பரிவாதினி என்று பெயர். அந்தப் பெயர் குடுமியான்மலையிலேயே தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. திருமயத்திலும் இருக்கிறது, நச்சாந்துபட்டி பக்கம் மலையக்கோயிலிலும் இருக்கிறது. அதாவது இந்த மூணு ஊரையும் சுற்றி ஒரு காலத்தில் ஒரு இசைப் பயிற்சி நடந்திருக்கிறது. அதை எழுதிய ஆள், "இந்த இசையை இந்தக் கருவியிலும் வாசிக்கலாம், அந்தக் கருவியிலும் வாசிக்கலாம்" என்று குறிப்புப் போட்டு வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்து நம்ம மாவட்டத்தின் முதல் ஆடியோ ரிவ்யூ அதுதான். இசை ஒண்ணு, கருவி ரெண்டு. எது எதுக்குப் பொருந்தும்?

இப்ப ஹெட்போனுக்கு வருவோம்.

கடையில ரெண்டு ஹெட்போன் வச்சிருக்கான். ரெண்டும் ஒரே விலை. ஒண்ணுல பாட்டைப் போட்டா அடிவயிறு அதிருது. இன்னொண்ணுல பாடகரோட மூச்சுகூட கேக்குது, ஆனா டிரம்ஸ் சப்புனு இருக்கு. இதைத்தான் ஒலிச் சமநிலைன்னு சொல்றோம். தாழ்ந்த ஒலி எவ்வளவு, நடு எவ்வளவு, உச்சம் எவ்வளவுங்கிற விகிதம். சாம்பார்ல புளி, காரம், உப்பு மாதிரி. மூணும் இருக்கும், அளவுதான் வேற.

ஒலியை ஹெர்ட்ஸ் கணக்கில் அளக்கிறோம். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கணக்கு. இளமையில் நல்ல காது 20 முதல் 20,000 வரை கேட்கும். ஆணின் பேச்சுக் குரலின் அடிச்சுருதி 100லிருந்து 150 ஹெர்ட்ஸ் பக்கம். பெண் குரல் 200ஐ ஒட்டி. ஆனால் 'ச', 'ஸ', 'த', 'க' போன்ற மெய்யெழுத்துகளின் தெளிவு 2,000க்கு மேலே இருக்கிறது. அடிச்சுருதி குரலைக் கேட்க வைக்கும். மேலே உள்ளதுதான் அது என்ன வார்த்தை என்று புரிய வைக்கும். "கேக்குது டாக்டர், ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். வயதாகும்போது முதலில் போவது உச்ச அதிர்வெண்கள்.

இந்த விகிதத்தைத் தோலையும் தண்ணியையும் வச்சு சரிபண்ணின ஊர் புதுக்கோட்டை. ஆமாம், நம்ம ஊர்தான்.

மான்பூண்டியா பிள்ளை. மாமூண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். 1859இல் பிறந்து 1922இல் மறைந்தவர். விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்றும், தவில்காரர் மாரியப்பரிடம் லயம் கற்றவர் என்றும் இசை உலகில் சொல்வார்கள். பஜனையிலும் தெருக்கூட்டத்திலும் கிடந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோன பெருமை அவருக்கு. அவரிடமிருந்து வந்ததுதான் புதுக்கோட்டை பாணி. தட்சிணாமூர்த்தி பிள்ளை அவருடைய சீடர். பழனி முத்தையா பிள்ளையும் சீடர். முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கீங்களா? பலா மரத்தில் கடைந்த ஒரு சின்ன வளையம். குறுக்கே ஒரு சாண் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தோல். மரபாக உடும்புத் தோல். (1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு உடும்பைத் தொட்டால் ஜெயில். இப்போது ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் செய்கிறார்கள்.) வளையத்தில் ஒரு பிளவு, அதில் ரெண்டு காசு. அவ்வளவுதான் கருவி.

காய்ந்த கஞ்சிராவைத் தட்டினால் டப்பா சத்தம். வித்வான் என்ன பண்ணுவார்? உட்புறத் தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவுவார். தோல் தளரும், கனக்கும், சுருதி இறங்கும். இப்போது அதே சின்ன வளையத்திலிருந்து, இவ்வளவு பெரிய கும்காரம் எங்கிருந்து வருது என்று திகைக்கும்படி ஒரு அடி ஒலி வரும். தண்ணி கொஞ்சம் கூடினால் சத்தம் தொளதொளத்துப் போகும். மேடை விளக்குச் சூட்டில் தோல் காய்ந்தால் தனி ஆவர்த்தனம் நடுவிலேயே சுருதி மேலே ஏறிவிடும். அவர் பாட்டுக்கு நடுவே விரலை நனைத்துத் தடவிக்கொண்டே இருப்பார்.

இன்றைக்கு போனில் ஈக்வலைசர் ஆப்பைத் திறந்து பேஸ் கோட்டை மேலே இழுக்கிறோமே, அதே வேலைதான் அது. ஒரு வித்தியாசம்: அவருக்குத் தன் தோலின் எல்லை தெரியும். நமக்கு நம்ம காதின் எல்லை தெரியாது.

மிருதங்கத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. வலந்தலையில் கறுப்பாக ஒரு வட்டம், தொப்பிப் பக்கத்தில் கச்சேரிக்கு முன் பிசைந்து ஒட்டும் ரவை. அந்தக் கறுப்பு வட்டம் அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் வெறும் இரைச்சலாகக் கேட்கும். நடுவில் சரியான கனத்தைச் சேர்த்தால் அந்த அதிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு விகிதங்களுக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் மிருதங்கத்துக்கு சுருதி சேர்க்க முடிகிறது. இதை 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர்தான். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பு அவர் மிருதங்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைப் பழக்கமுள்ளவர். தொப்பியில் அவர் எடுத்த கும்கியைப் பற்றி இன்றும் ரசிகர்கள் உருகுவார்கள். ஒரு பழைய கச்சேரிப் பதிவில் அந்தக் கும்கி உங்கள் ஹெட்போனில் வருகிறதா, இல்லை 'டும்' என்று ஒரே மொத்தையாகக் கேட்கிறதா? பேஸ் அதிகமா என்பது ஒரு கேள்வி. பேஸுக்குள் உருவம் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க. விளம்பரத்தில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருப்பது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

சரி, ஹெட்போன் எங்கேர்ந்து வந்துச்சு? வேகமா பார்த்துடுவோம்.

1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமென்ட் அடேர் என்பவர் ஆபரா அரங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, ரெண்டு காதுக்கும் ரெண்டு ரிசீவர் வைத்து ஜனங்களைக் கேட்க வைத்தார். 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் சமையலறையில் உட்கார்ந்து செய்த ஜோடி ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அதெல்லாம் தந்தி கேட்கத்தான், இசைக்கு இல்லை. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டு கேட்பதற்கென்றே ஹெட்போன் என்ற பழக்கம் பரவியது. 1968இல் சென்ஹைசரின் எச்டி 414, மஞ்சள் பஞ்சு வைத்தது, திறந்த வகை. 1979 ஜூலை 1 அன்று சோனி வாக்மேன்.

நம்ம பக்கம் வாக்மேன் கடை வழியா வரல, பெட்டி வழியா வந்துச்சு. அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்துலேர்ந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போனவங்க ஊர் திரும்பறப்ப கோடாலித் தைலத்தோடயும் செண்ட் பாட்டிலோடயும் அதுவும் வரும். அதுவரைக்கும் இசைன்னா டீக்கடை ரேடியோ, இல்லன்னா திருவிழா மைக் செட். புளியமரத்துல கட்டுன கூம்பு ஸ்பீக்கர்ல பேஸே வராது. அதோட அமைப்பு அப்படி. நடுப்பகுதியை மட்டும் தூக்கி ரெண்டு மைலுக்கு எறியும். பழைய பாட்டுல குரல் மட்டும் தனியா துல்லியமா மனசுல நிக்குதுன்னா, அதுல மெட்டுக்கும் பங்கு உண்டு, அந்தக் கூம்புக்கும் பங்கு உண்டு. அப்படிக் கேட்டு வளர்ந்த அப்பாவுக்கு மகனோட ஹெட்போனைக் கொடுத்தா, "என்னடா இது, பானைக்குள்ள பாடற மாதிரி இருக்கு"ம்பார். அவர் சொல்றது தப்பில்ல. அவரோட காது ஒரு சமநிலைக்குப் பழகியிருக்கு.

அப்ப எல்லாமே அவங்கவங்க ரசனைதானா? பொதுவா ஒண்ணுமே கிடையாதா?

இங்க அறிவியல் கொஞ்சம் உதவுது. இன்னொரு குடவரைக்குப் போகணும்.

சித்தன்னவாசல். ஓவியத்துக்காக எல்லாரும் போறோம். தாமரைக்குளம் பார்த்துட்டு, செல்பி எடுத்துட்டு வந்துடறோம். அந்த அறிவர் கோயிலின் உள்ளறையில் நின்று மெல்ல 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்திருக்கீங்களா? ஒரு குறிப்பிட்ட சுருதியில் அறை முழுக்க உங்களோடு சேர்ந்து முனகும். கொஞ்சம் மேலே போனாலோ கீழே போனாலோ அடங்கிவிடும். அதிசயம், மந்திர சக்தி என்றெல்லாம் வீடியோ போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை சுமார் ஒன்பதரை அடிச் சதுரம், அதாவது 2.9 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அலை போய்வரும் தூரம் 5.8 மீட்டர். 343ஐ அதால் வகுத்தால் 59 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 118. ஒரு ஆண் சாதாரணமாக முனகும் சுருதியே அதுதான். அறை எந்த அதிர்வைத் தனக்குப் பொருத்தமாகக் கொண்டிருக்கிறதோ அதைத் தூக்கிக் கொடுக்கிறது. மற்றதை விட்டுவிடுகிறது.

உங்க தலையிலயும் ரெண்டு குடவரை இருக்கு. காதுக்குழாய்.

நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் திறந்தது, மறுபக்கம் செவிப்பறை. இதே கணக்கைப் போட்டால் அதற்குப் பிடித்த சுருதி 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அந்தப் பகுதி ஒலியை நம்ம காது தானாகவே பெருக்கித் தருகிறது. குழந்தை அழும் சத்தம் ஏன் நெஞ்சைப் பிடுங்குது, நாகஸ்வரத்தைக் கிட்டே நின்று கேட்டால் ஏன் காது கூசுது என்பதற்கெல்லாம் இதில் பாதி விடை இருக்கிறது.

காதுக்குழாயின் நீளம், வளைவு, காது மடலின் மடிப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஹெட்போன் உங்களுக்கு இனிக்கும், உங்க தங்கச்சிக்குக் குத்தும். நான் பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன்னு சொன்னதுக்கு முதல் காரணம் இதுதான். உங்க குடவரையை நான் அளந்து பார்க்கல.

ஆளுக்கு ஆள் இப்படி மாறினாலும் ஒரு பொது விருப்பம் இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் 2012க்குப் பிறகு பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். எது என்ன பிராண்ட் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா என்று நாலு நாட்டில் செய்தார்கள். நாடு மாறினாலும் விருப்பம் பெரிதாக மாறவில்லை. பிறகு கேட்பவர்களைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று கூட்டம் தெரிந்தது. 64 சதவீதம் பேருக்கு நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலை பிடித்தது. 15 சதவீதம் பேருக்கு அதைவிட பேஸ் கூடுதலாக வேண்டும். 21 சதவீதம் பேருக்குக் குறைவாக வேண்டும். இந்தக் கடைசிக் கூட்டத்தில் பெண்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் அதிகம்.

அந்த நாலு நாட்டில் இந்தியா இல்லை. தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த காதை வைத்துச் செய்திருந்தால் இந்த விகிதம் கொஞ்சம் நகர்ந்திருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. வெறும் ஆசைதான்.

விலை? 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டார். விலைக்கும் ஒலிச் சமநிலைக்கும் தொடர்பே கிடைக்கவில்லை. காசு கூடினால் உழைப்பு, மென்மை, இரைச்சல் நீக்கம் எல்லாம் கூடலாம். சமநிலை கூடும் என்று உத்தரவாதம் இல்லை. இந்த ஒரு வரிக்காகவாவது இந்த இழையை அப்பாவுக்குக் காட்டாம வச்சுக்காதீங்க பசங்களா.

இப்ப கடைக்குள்ள போவோம்.

நீங்க உண்மையாவே தினம் கேக்கற மூணு பாட்டை போன்ல எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் போடற டெமோ பாட்டு வேணாம். அது அந்த ஹெட்போனுக்காகவே பொறுக்கின பாட்டு. கர்நாடக இசைன்னா தம்புரா தெளிவா கேக்கற ஆலாபனை ஒண்ணு. நல்ல ஹெட்போன்ல தம்புராவோட ரீங்காரம் பாடகருக்குப் பின்னாடி ஒரு திரை மாதிரி விரிஞ்சு நிக்கும். உச்சம் குறைஞ்ச ஹெட்போன்ல அந்தத் திரை காணாமப் போயிடும். 2,000லேர்ந்து 4,000 வரைக்கும் தூக்கி வச்ச ஹெட்போன்ல வயலினும் நாகஸ்வரமும் பத்து நிமிஷம் பிரமாதமா இருக்கும், அரை மணியில தலைவலி வரும். அதனால பத்து நிமிஷத்துல முடிவு பண்ணாதீங்க.

பழைய சினிமாப் பாட்டுப் பிரியர்னா, அந்த ஒலித்தடங்கள்ல 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல பெரும்பாலும் பாட்டே இல்ல. அங்க இருக்கறது இரைச்சல்தான். உச்சம் பளபளக்கற ஹெட்போன் வாங்கினா காசு கொடுத்து இரைச்சலை வாங்கறீங்க. நடுப்பகுதி முழுசா, கொஞ்சம் வெதுவெதுப்பா ஒலிக்கறது போதும். இளையராஜா பாட்டுன்னா பேஸ் கிடாரைப் பின்தொடர முடியுதான்னு பாருங்க. அவர் அதைத் தனிப் பாடகர் மாதிரி நடக்க விடுவார். பேஸ் வீங்கின ஹெட்போன்ல அந்த நடை சேத்துல மாட்டினது மாதிரி ஆயிடும். குத்துப் பாட்டுதான் உயிர்னா பேஸ் கூடினதையே வாங்குங்க, யாரும் உங்களைக் குறைச்சு நினைக்க உரிமையில்ல. நான் பேஸ்ல குறை சொல்றது வேற இடத்துல.

அதுக்கு 1933க்குப் போகணும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது. சத்தம் கூடக் கூட பேஸ் நிரம்பி வரும். அதாவது வால்யூமைக் கூட்டினாலே பாட்டு 'நல்லா' ஆகிவிடும். கடையில் ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தால் அதுதான் சிறந்தது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். ரெண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்காமல் தேர்வு செய்யாதீங்க.

கடையில இது வெறும் ஏமாற்றம். பஸ்ஸுல இது நோய்.

புதுக்கோட்டை - திருச்சி பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கீங்க. என்ஜின் உறுமல் முழுக்கத் தாழ்ந்த ஒலி. அது பாட்டோட பேஸை விழுங்கிடும். காதுல இருக்கற இயர்போனோட ரப்பர் சரியா அடைக்கலன்னா மிச்சம் பேஸும் ஓரமா கசிஞ்சுடும். பாட்டு சப்புனு இருக்கு. என்ன பண்ணுவீங்க? வால்யூமைக் கூட்டுவீங்க. பேஸ் வேணும்னு கூட்டறீங்க, ஆனா கூடறது எல்லாமே. காதுக்குழாய் தானாவே பெருக்கித் தர்ற அந்த 3,000 பக்கமும் சேர்ந்து கூடுது. அடி வாங்கறது அந்த இடம். இரைச்சலால் கெட்ட காதைப் பரிசோதித்தால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரைபடம் பள்ளமாக விழுந்திருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தவுடனே கேட்பார்: "பட்டறையில வேலையா? இல்ல ஹெட்செட்டா?"

85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கான பழைய வரையறை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100க்கு வெறும் 15 நிமிஷம். பாட்டு கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் இதைவிடக் கண்டிப்பு: வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். உங்க போனிலேயே ஹெட்போன் சத்தத்தைக் காட்டும் வசதி இருந்தால் இன்னைக்கே ஒரு தடவை பாருங்க.

சரியா அடைக்கற ரப்பர் முனை, இல்லன்னா காதை முழுசா மூடற வகை, வசதியிருந்தா இரைச்சல் நீக்கும் வகை. பஸ் பயணக்காரங்களுக்கு இது ஆடம்பரமில்ல. வெளிச்சத்தம் குறைஞ்சா வால்யூமைக் கூட்டற தேவையே வராது. பேஸ் விரும்பிகளுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: பேஸை வால்யூம்லேர்ந்து வாங்காதீங்க, நல்ல அடைப்புலேர்ந்து வாங்குங்க. (ரோட்டுல நடக்கறப்பவும் வண்டி ஓட்டறப்பவும் ரெண்டு காதையும் அடைச்சுக்கறதைப் பத்தி நான் சொல்லித் தெரியணுமா?)

காக்ளியா என்ற நத்தைக்கூட்டுக்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. வாசலோரத்தில் உச்ச சுரங்கள், உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுரங்கள். அதுவும் ஒரு சுரக் கல்வெட்டுதான். அதில் மூளைக்குச் செய்தி சொல்லும் முக்கிய வேலையைச் செய்பவை சுமார் 3,500 மட்டுமே. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். மனிதக் காதில் இந்தச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை.

திருமயத்துக்குப் போனால் சிவன் குடவரையில் பாருங்க. குடுமியான்மலையில் இருப்பது போன்ற இசைக் கல்வெட்டு அங்கேயும் இருந்தது. அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டு, 13ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் ஏற்பட்ட வழக்கின் தீர்ப்பை அதே பாறையில் வெட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் அது அவசரம். பரிவாதினி என்ற பெயரும் ஓரங்களில் சில துணுக்குகளும்தான் மிச்சம். என்ன சுரம் இருந்தது என்று இனி யாராலும் படிக்க முடியாது.

கடைசியா, வீட்டுலயே செய்யக்கூடிய ஒரு சோதனை.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஹெட்போன் இன்னைக்கு ஒரு பக்கம் மந்தமா கேக்குதா? புதுசு வாங்க ஓடாதீங்க. வலது பக்கத்தை இடது காதுலயும் இடது பக்கத்தை வலது காதுலயும் மாத்திப் போட்டு அதே பாட்டைக் கேளுங்க. மந்தம் அடுத்த காதுக்கு மாறிச்சுன்னா கோளாறு ஹெட்போன்ல. வலையைச் சுத்தம் பண்ணுங்க, வயரைப் பாருங்க. மந்தம் அதே காதுலயே நின்னுச்சுன்னா கோளாறு காதுல. பெரும்பாலும் குறும்பி அடைப்பாதான் இருக்கும். பட்ஸ், சாவி, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதீங்க. தள்ளித் தள்ளி செவிப்பறையோட ஒட்டி வச்சுடுவீங்க. மருத்துவர்கிட்ட வந்தா எடுத்துடலாம்.

ஆனா வலியில்லாம, சளியில்லாம, ஒரே ராத்திரியில ஒரு காது திடீர்னு மந்தமாச்சுன்னாலோ, கூடவே 'ஙொய்ய்ய்'ன்னு இரைச்சலோ தலைசுத்தலோ இருந்தாலோ, அது குறும்பியா இல்லாமலும் போகலாம். திடீர் நரம்புச் செவித்திறன் இழப்புன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மருந்து உண்டு, ஆனா முதல் சில நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். ரெண்டு வாரம் போயிட்டா பலன் ரொம்பக் குறைஞ்சுடும். "சரியாயிடும்"னு எண்ணெய் ஊத்திட்டு உட்காராம, அன்னைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துடுங்க. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், உங்களுக்குப் பக்கத்துல இருக்கற வேற மருத்துவமனைக்கும் போகலாம்.